அப்பாவின் புதுக் காலும் பட்டறைத் தரையும்

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, அதிகம் எழுதியதில்லை. இன்று ஒரு சங்கடத்தைச் சொல்லி யோசனை கேட்க வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. நாற்பது வருடமாக வெள்ளிக் கொலுசு வேலை. சர்க்கரை நோயால் போன ஆண்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டிலேயே இருந்தார். அப்புறம் நானும் தங்கையும் சேர்ந்து, கொஞ்சம் கடனும் வாங்கி, வெளிநாட்டில் செய்த கார்பன் ஃபைபர் பாதம் வைத்த செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தோம். ஒன்றே முக்கால் லட்சம் ஆனது. ஷூ போட்டுக்கொண்டு நடந்தால் ஊன்றுகோல்கூட வேண்டாம். முதல் நாள் தெரு முனைவரை நடந்து திரும்பி வந்தபோது அம்மா அழுதுவிட்டார்.

பிரச்சினை பட்டறையில் தொடங்கியது. எங்கள் பட்டறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. தரையில் விழும் வெள்ளித் தூளைக் கூட்டி அள்ளி மறுபடி உருக்குவோம், செருப்பில் ஒட்டி வெளியே போனால் அது நஷ்டம். ஷூவைக் கழற்றினால் அந்தக் கால் தன்னைப் பின்பக்கம் தள்ளுகிறது, முட்டி பின்னால் இழுக்கிறது என்கிறார் அப்பா. அடுத்தது உட்காருவது. எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு, முன்னால் சின்னப் பலகையை வைத்துக்கொண்டுதான் பற்றவைப்பார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு சம்மணம் போட முடியவில்லை. சாக்கெட்டின், அதாவது மிச்சக் காலை உள்ளே நுழைக்கும் கூட்டின், பின் விளிம்பு தொடைக்கு அடியில் குத்துகிறது. அதனால் வாசலிலேயே காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து தன் இடத்துக்குப் போகிறார். தன்னிடம் வேலை கற்ற பையன்கள் எதிரில். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கால் செய்து கொடுத்த இடத்தில் போய்க் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறச் சொல்லுங்கள் என்றார்கள்.

இதற்கு வழி இருக்கிறதா? அப்பாவுக்காகத்தான் முதலில் கேட்கிறேன். ஆனால் அதன் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நாற்காலியில் உட்காருபவர்கள், வீட்டுக்குள்ளும் ஷூ போடுபவர்கள் வாழும் ஊரில் யோசித்துச் செய்த பொருள் நம்மிடம் வரும்போது, பொருளை நமக்கேற்ப மாற்றாமல் நம் ஆளை மாறச் சொல்கிறார்களே, இது காலில் மட்டும்தானா? வேறு கருவிகள் பயன்படுத்துபவர்களும் சொல்லுங்கள்.


ஓமலூர் ரோடு | திங்கள், இரவு 10.15

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஒரு யோசனை: பட்டறையில் அவருக்கு மட்டும் மேஜை நாற்காலி போட்டுக் கொடுக்க முடியாதா?


செவ்வாய்ப்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 10.22

கேட்டுப் பார்த்தேன் அண்ணா. பத்துக்குப் பதினான்கு அடி அறையில் ஆறு பேர். ஒரே நெருப்பு, ஒரே விளக்கு, சாமானெல்லாம் தரை உயரத்தில் கைமாறும். அவர் மட்டும் மேலே உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் யாராவது எழுந்து கொடுக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.


பிளாஸ்டர்க் கை | செவ்வாய், காலை 6.50

நான் செயற்கைக் கால் செய்பவன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தம்பி, உங்கள் அப்பா சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், பின்னால் தள்ளுவது. எந்தப் பாதத்தையும் ஒரு குதிகால் உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் பொருத்துவோம். ஷூவின் குதி பத்து மில்லிமீட்டர் உயரம் என்றால், காலின் கம்பி அதற்கேற்பச் சாய்ந்திருக்கும். ஷூவைக் கழற்றினால் குதி கீழே இறங்கும், கம்பி பின்னால் சாயும், முட்டி பின்பக்கமாக வளையும். நாளெல்லாம் அப்படி நின்றால் முட்டி மூட்டே கெட்டுப்போகும். கணுக்கால் பக்கத்தில் நான்கு சின்ன திருகாணி இருக்கும், அதைத் தளர்த்திச் சாய்வை மாற்றலாம். ஆனால் வெறுங்காலுக்கு மாற்றினால் ஷூவுக்குச் சரி வராது. இதை அளவெடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டும். என் மேஜையில் நான் கேட்கும் முதல் கேள்வி ‘வீட்டுக்குள் செருப்புப் போடுவீர்களா’ என்பதுதான்.

இரண்டாவது, சம்மணம். 1950களில் கலிஃபோர்னியாவில் வந்த சாச் என்ற பாதம் ரொம்ப காலம் உலகம் முழுக்கப் போனது. உள்ளே கட்டை, குதியில் மெத்தை, கணுக்கால் அசையாது. ஷூவுக்குள் போட்டு நடக்க அது போதும். அதைப் போட்டுக்கொண்டு குத்துக்கால் வைத்து உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. இந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் ஜெய்ப்பூர் கால். 1968இல் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்தது. சர்மா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, சிற்ப வேலை தெரிந்தவர். லாரி டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையில் நின்று பார்த்தபோது அவருக்கு யோசனை வந்ததாக எங்கள் தொழிலில் சொல்வார்கள். உள்ளே மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர், கணுக்காலில் கட்டை, மேலே தோல் நிறத்தில் ரப்பர் போர்த்தி அச்சில் வேகவைப்பார்கள். விரல்கூடத் தெரியும். நாலு பக்கமும் வளையும். வெறுங்காலோடு நடக்கலாம், தண்ணீரில் நனையலாம். 1981இல் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் மறுபடி பரதம் ஆடியது இந்தக் காலில்தான்.

மூன்றாவது, பின் விளிம்பு குத்துவது. அது பாதத்தின் குற்றம் இல்லை, சாக்கெட்டின் குற்றம். முழங்காலை முழுதாக மடக்கும்போது தொடையின் பின்பக்கத் தசைநாண்களுக்கு இடம் வேண்டும். பின் விளிம்பை இறக்கி, ஓரத்தை வெளிப்பக்கம் சுருட்டிவிட்டால் மடங்கும். நாற்காலியில் உட்காருபவருக்குத் தொண்ணூறு டிகிரி போதும். சம்மணத்துக்கு அது போதாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சர்க்கரை உள்ளவர் கொலுசுப் பட்டறையில் வெறுங்காலோடு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கவலைப்படுவது மிச்சமிருக்கும் வலது காலுக்காக. கம்பித் துண்டு குத்தினாலும் சூடு பட்டாலும் அவருக்கு உறைக்காமல் போகலாம். எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் பட்டறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வெளியே போகாத செருப்பில் ஒட்டும் வெள்ளி வெளியே போகாது, முதலாளிக்கும் நஷ்டமில்லை. ஜெய்ப்பூர் காலுக்குள் இருக்கும் அதே மாதிரி ரப்பர்தான் அந்தச் செருப்பிலும்.


செவ்வாய்ப்பேட்டைக்காரன் | செவ்வாய், காலை 7.30

ஐயா, ஒரு வருடமாக யாரும் இப்படி உட்கார வைத்துச் சொல்லவில்லை. செருப்பைப் பட்டறைக்குள்ளேயே வைக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே வாங்குகிறேன்.


நாகலூர் மிளகு | செவ்வாய், பகல் 1.05

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஏணி வைத்துப் பறிக்கும்போது விழுபவர்கள் உண்டு. என் சித்தப்பா மகன் அப்படி விழுந்து முதுகுத் தண்டு அடிபட்டு ஏழு வருடம் ஆகிறது. அவனுக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரியில் பார்ப்போமே, அந்த மடக்குச் சக்கர நாற்காலி. வழுவழுப்பான தரையில் தள்ளிக்கொண்டு போக அது அருமை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு நாற்பது அடி மண் சரிவு. மழை பெய்தால் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிடும், வண்டி முன்பக்கம் குப்புறக் கவிழும். இரண்டு முறை விழுந்துவிட்டான்.

அது ஏன் அப்படி இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவர் சுரங்க விபத்தில் முதுகு உடைந்தவர். தன் நாற்காலி காருக்குள் மடங்கி அடங்க வேண்டும் என்று நினைத்தார். அவருடைய நண்பர், பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸ், 1933இல் மடக்கு நாற்காலி செய்து கொடுத்தார். நல்ல யோசனை, எத்தனையோ பேரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. ஆனால் அதன் அடியில் ஒரு காரும் தார் ரோடும் இருக்கிறது. எங்களுக்கு இரண்டும் இல்லை.

அதே அமெரிக்காவிலிருந்து ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற இன்னொருவர். அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். நிகராகுவா முதலான நாடுகளுக்குப் போய், அங்கே நாற்காலியில் இருப்பவர்களோடு சேர்ந்து வேறு வடிவம் செய்தார். முன் சக்கரம் நன்றாக முன்னால் தள்ளி இருக்கும், அகலமான ரப்பர். ஜிம்பாப்வேயில் இருக்கும் பட்டறையில் உருவானதால் அந்தச் சக்கரத்துக்கே ஜிம்பாப்வே சக்கரம் என்று பெயர். படத்தைப் பிரிண்ட் எடுத்துச் சேலத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரம் மெனக்கெட்டுப் பழைய நாற்காலியில் முன் அச்சை ஒன்பது அங்குலம் நீட்டிக் கொடுத்தார். திரும்ப இடம் அதிகம் வேண்டும், வீட்டுக்குள் கஷ்டம். ஆனால் இப்போது அவனே காப்பிக் களத்துக்கு வந்து கணக்கு எழுதுகிறான்.

மலையிலிருந்து இறங்குவது வேறு கதை. இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் படி. சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்து வந்தது, சந்தோஷம். அந்த வண்டி எங்கள் மலைப்பாதையில் வளைவில் அடி தட்டும். எங்களுக்குப் பஸ்ஸின் வாசலில் ஏற்றி இறக்கும் பலகை வைத்த உயரமான வண்டிதான் தேவை. அதை யார் யோசிப்பார்கள் என்று தெரியவில்லை.


பிளாஸ்டர்க் கை | செவ்வாய், மாலை 6.10

நாகலூர் தம்பி, அருமையான வேலை. ஒன்று மட்டும் பாருங்கள், அச்சை நீட்டிய பிறகு பின்பக்கம் சாய்கிறதா என்று ஏற்றத்தில் ஆள் பிடித்துக்கொண்டு சோதியுங்கள். முதுகுத் தண்டு அடிபட்டவருக்கு மெத்தையும் முக்கியம். உட்காருமிடத்தில் புண் வந்தால் நாற்காலி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.


அஸ்தம்பட்டி வாசகி | செவ்வாய், இரவு 8.45

எல்லாம் படித்தேன். ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இப்போது 41. என் தலைமுறையோடு அது முடிந்தது, 2014இல் இந்தியாவைப் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். ‘நம் பண்பாட்டுக்கு ஏற்ற கருவி’ என்ற பேச்சை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், விலை குறைந்த கருவி. பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு முகாமில் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். மேடை, மாலை, படம். என் அளவை யாரும் எடுக்கவில்லை. வண்டி எந்தக் கதவுக்குள்ளும் நுழையாது. கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வகுப்பறை வரை நான் எப்படிப் போனேன் என்று சொல்லத் தேவையில்லை, செவ்வாய்ப்பேட்டைத் தம்பியின் அப்பா கதைதான். அந்த வண்டியைச் செய்தவர்கள் இந்தியர்கள். ஆனால் நான் வெயிலில், தெருவில், யாரிடமாவது கை நீட்டிக்கொண்டு இருப்பேன் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். நான் கணக்காளர் ஆவேன் என்று நினைக்கவில்லை.

எனக்கு உதவியது எது தெரியுமா? சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு செய்து உருவாக்கிய நியோஃபிளை. உடம்பை அளவெடுத்துச் செய்யும் நாற்காலி. நியோபோல்ட் என்று ஒரு மோட்டார் சக்கரத்தை முன்னால் மாட்டினால் ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். ஆபீஸ் வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன். இதுவும் நம் ஊரில் செய்ததுதான். ஆக, வெளிநாடா உள்நாடா என்பதைவிட, செய்பவர் அந்த ஆளைக் கேட்டாரா என்பதுதான் எனக்கு முக்கியம். ஜெய்ப்பூர் காலையும் அப்படித்தான் பார்க்கிறேன். முகாமில் மூன்று மணி நேரத்தில் மாட்டி அனுப்பிவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காவிட்டால் அதுவும் சுவரில்தான் சாய்ந்து நிற்கும்.


பிளாஸ்டர்க் கை | செவ்வாய், இரவு 9.30

அக்கா சொல்வது சரி. நானும் முகாம்களில் வேலை செய்திருக்கிறேன். காலை எடுத்த முதல் வருடத்தில் மிச்சமிருக்கும் பகுதி மெலிந்துகொண்டே போகும். மூன்று மாதம் கழித்துச் சாக்கெட் தொளதொள என்றாகிவிடும். ஊருக்குத் திரும்பியவரை யார் தேடிப் போவது? இலவசமாகக் கிடைத்ததால் லட்சக்கணக்கானவர் நடந்தார்கள் என்பதும் உண்மை, அதில் பலர் அளவு சரியில்லாமல் புண்ணோடு நடந்தார்கள் என்பதும் உண்மை. என் கையாலேயே செய்த சில கால்களை நினைத்து வருத்தப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்பன் பாதம் மோசமானது இல்லை. எடை குறைவு, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் உந்திவிடும், நீண்ட தூரம் நடப்பவருக்கு உடம்பு களைக்காது. சிலிகான் லைனர், அதாவது சாக்கெட்டுக்குள் காலில் மாட்டும் உறை மட்டும் நம் ஏப்ரல் மே வெயிலில் படுத்தும். மதியம் ஒரு முறை கழற்றித் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையில் நழுவும்.


ஆறு புள்ளி | புதன், காலை 5.40

நான் பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். இந்த இழை முழுவதையும் போனில் டாக்பேக், அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி, படிக்கக் கேட்டுத்தான் எழுதுகிறேன். கருவி யாருடைய ஊருக்காக என்ற கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது, ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதலாவது பிரெய்ல். லூயி பிரெய்ல் 1824இல் பதினைந்து வயதில் பிரெஞ்சுக்காக வகுத்த ஆறு புள்ளி. அதை நம் மொழிகளுக்குக் கொண்டுவந்தபோது ஆளாளுக்கு ஒரு முறை வைத்துக் குழம்பினார்கள். 1951இல்தான் பாரதி பிரெய்ல் என்று பொதுவாக முடிவானது. தமிழில் க, இந்தியில் க, ஆங்கிலத்தில் கே, மூன்றுக்கும் ஒரே புள்ளிகள். ஆனால் அதற்குள் நம் மொழியின் அறிவு இருக்கிறது. ‘கொ’ என்று நீங்கள் எழுதும்போது கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். சொல்லும்போது க முதலில், ஒ பிறகு. பிரெய்லில் நாங்கள் சொல்வது போலவே எழுதுகிறோம், க, அடுத்து ஒ. முதல் வகுப்பில் கொம்பு எந்தப் பக்கம் என்று பார்வையுள்ள பிள்ளைகள் தடுமாறும்போது என் மாணவர்கள் தடுமாறுவதில்லை. பிரான்சிலிருந்து வந்தது நம் காதுக்குப் பொருந்திப் போனது.

இரண்டாவது கணினி. என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பானை 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் தொடங்கினார், ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசம். அதில் தமிழ்க் குரலும் உண்டு. கொஞ்சம் இரும்புக் குரல், ஆனால் பழகியவர்கள் மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்போம். இத்தனை இருந்தும் எனக்கு வரும் சுற்றறிக்கையைப் படிக்க முடியாது. ஏனென்றால் அது யூனிகோடில் இருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என் கணினி ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று படிக்கும். அதைவிட மோசம், அச்சடித்து முத்திரை வைத்துப் படம் எடுத்து அனுப்புவது. அப்போது ஒன்றுமே படிக்காது. ஒரு பதவி உயர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி எனக்குத் தெரியாமல் போனது இப்படித்தான். இங்கே குற்றம் ஆஸ்திரேலியக் கருவியில் இல்லை. தமிழைத் தமிழாகச் சேமிக்காத நம் பழக்கத்தில் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். பெட்டிக்கடையில் பணம் வந்ததும் ‘நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் பெட்டி. எங்களை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் ரயிலடியில் கடலை விற்கும் என் நண்பர், அவரும் பார்வையற்றவர், அது வந்த பிறகுதான் யாரிடமும் ‘எவ்வளவு போட்டீர்கள்’ என்று கேட்பதில்லை.


ஒசாகா சேலத்தான் | புதன், காலை 8.20

சொந்த ஊர் சூரமங்கலம், பத்து வருடமாக ஒசாகாவில் வேலை. இங்கே நடைபாதை முழுக்க மஞ்சள் ஓடு பதித்திருக்கும். நம் ஊர் ரயில் நிலையங்களிலும் மெட்ரோவிலும் பார்த்திருப்பீர்கள். செய்ச்சி மியாகே என்ற விடுதிக்காரர், தன் நண்பருக்குப் பார்வை குறைவதைப் பார்த்து 1965இல் உருவாக்கியது. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் இந்த வழியே போ, புள்ளி என்றால் நில், கவனி. இதை ஒரு மொழி என்றே சொல்லலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது புதிதாகப் போட்ட ஒரு நடைபாதையில் அந்த மஞ்சள் ஓடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டியது. புள்ளி ஓட்டையும் கோட்டு ஓட்டையும் கலந்து கோலம் போல வைத்திருந்தார்கள். நிறத்தை வாங்கியிருக்கிறார்கள், பொருளை வாங்கவில்லை. அங்கேயே நின்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆறு புள்ளி ஐயா அதை நம்பி நடந்திருந்தால்?

ஜப்பானிலும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அந்த மேடுகள் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் இடைஞ்சல் என்று இங்கே முறையீடு உண்டு. ஒருவருக்கு வழி காட்டும் ஓடு இன்னொருவரின் முதுகெலும்பை உலுக்குகிறது.

செவ்வாய்ப்பேட்டை நண்பரே, உங்கள் அப்பா கதையைப் படித்ததும் எனக்கு இங்குள்ள வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. ஜப்பானியரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்த் தரையில் உட்காருபவர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் வீட்டுக்குள் நுழையும்போது சக்கரத்தைத் துடைப்பார், அல்லது உறை மாட்டுவார். ஆக, தரையில் உட்காருவது நமக்கு மட்டுமே உள்ள விசித்திரம் இல்லை. கால் செய்து கொடுத்த இடத்தில் அதைச் சொல்லுங்கள்.


பிளாஸ்டர்க் கை | புதன், காலை 8.55

ஒரு வரி சேர்க்கிறேன். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு டர்ன்டேபிள் என்று ஒரு பாகம் உண்டு. பொத்தானை அழுத்தினால் கீழ்க்கால் பக்கவாட்டில் திரும்பும், சம்மணம் போடலாம். தரையில் உட்காரும் நாடுகளில்தான் அதற்கு மதிப்பு அதிகம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்பவர்கள் குறைவு.


அம்மாபேட்டை தறி | புதன், இரவு 10.30

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தறி ஓட்டுகிறான். இழை அறுந்தால் மற்றவர்களுக்குச் சத்தம் மாறும், அவனுக்கு மிதியில் அதிர்வு மாறும். எங்கள் தெருவில் அவனைவிட வேகமாக அறுந்த இழையைப் பிடிப்பவர் இல்லை.

அவனுடைய கருவி போனில் இருக்கும் வீடியோ காலிங். அவ்வளவுதான். அமெரிக்காவில் 1964இலேயே ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், தட்டச்சு செய்தால் தொலைபேசி வழியே எழுத்தாகப் போகும் கருவியைக் கண்டுபிடித்தார். 1990இல் அதற்கு ஆள் வைத்து இரு பக்கமும் பேச்சைக் கடத்தித் தர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் யோசித்தேன், அது வந்திருந்தாலும் என் தம்பிக்குப் பயன்பட்டிருக்காது. பள்ளியில் உதட்டைப் பார், பேசு, பேசு என்றே எட்டு வருடம் ஓட்டிவிட்டார்கள். கையைக் கட்டி உட்கார வைத்தார்கள். எழுத்து அவனுக்குச் சரியாக வரவில்லை. நெட் விலை குறைந்து கையில் வீடியோ வந்த பிறகுதான், 25 வயதில், நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் இருக்கும் தன் மாதிரி ஆட்களோடு முதல் முறையாக மணிக்கணக்கில் பேசினான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் போனை விளக்குக்கு நேரே சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருக்கிறான்.

ஒரு சிக்கல். வீட்டில் நாங்களாகப் பழகிக்கொண்ட சைகை வேறு, அவர்கள் பேசும் இந்திய சைகை மொழி வேறு. அமெரிக்கச் சைகைக்கும் இங்கிலாந்துச் சைகைக்குமே சம்பந்தம் இல்லை, இரண்டு ஊரிலும் பேசுவது ஆங்கிலம்தான் என்றாலும். சைகையும் ஊருக்கு ஊர் வளர்வதுதான். டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி மையம் 2021இல் பத்தாயிரம் சொல் அகராதியை வீடியோவாக வெளியிட்டது. நான் அதை வைத்து ராத்திரியில் கற்கிறேன். ஏற்காட்டுக்கு அவன் வைத்திருக்கும் சைகை அதில் இல்லை. உள்ளங்கையை வளைத்து வளைத்து மேலே கொண்டுபோவான், கடைசியில் தோளைக் குறுக்கிக் குளிரில் நடுங்குவான். அதை மாற்றச் சொல்ல மாட்டேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி வைத்தார்கள். அம்மா என்று கூப்பிட்ட நாளில் தெருவே கூடியது. நல்லது. ஆனால் வெளிக் கருவியின் ஒயர் அறுந்தபோது ஒன்றரை மாதம் அந்தக் குழந்தை மறுபடி சத்தமில்லாமல் இருந்தது. அந்த ஒன்றரை மாதமும் அவளோடு பேசத் தெரிந்தவன் என் தம்பி ஒருவன்தான். பேச்சு, சைகை இரண்டும் கற்றுக் கொடுங்கள் என்றுதான் அந்த வீட்டில் சொல்லி வருகிறேன்.

அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்து செய்து, அங்கே சில்மார்க் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் 25 பேரில் ஒருவருக்குக் காது கேட்காதாம். அதனால் ஊரில் எல்லோருக்குமே சைகை தெரியும். யார் காது கேளாதவர் என்று தனியாக நினைப்பதே இல்லையாம். எந்தக் கருவியும் இல்லாத காலம். நம் பக்கமும் சொந்தத்தில் கட்டுகிறோம், கேளாத பிள்ளைகள் நிறைய. அந்த ஊர் கற்ற பாடத்தை நாம் கற்கவில்லை. பட்டறையில் இருக்கும் அந்தப் பையன்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன் தம்பி. உங்கள் அப்பா நகர்ந்து போவதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்களா?


ஓமலூர் ரோடு | வியாழன், காலை 7.00

பேச்சோடு பேச்சாக ஒரு சந்தேகம். எப்படி அழைப்பது? சின்ன வயதில் ஊனமுற்றோர் என்போம், இப்போது மாற்றுத்திறனாளி. தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று கேட்கிறேன்.


அஸ்தம்பட்டி வாசகி | வியாழன், காலை 9.15

2010 வாக்கில் கலைஞர் ஆட்சியில் வந்த சொல் அது. அதற்கு முன் என்னை எப்படியெல்லாம் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தச் சொல்லுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். எனக்கு மாற்றுத் திறன் ஒன்றும் இல்லை, சாதாரணத் திறன்தான் என்று சொல்லும் தோழிகளும் இருக்கிறார்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் அண்ணா.


ஒசாகா சேலத்தான் | வியாழன், காலை 9.40

இங்கேயும் இதே பேச்சு உண்டு. ஊனத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லில் வரும் ஒரு எழுத்துக்குத் ‘தீங்கு’ என்று பொருள். அதனால் பல ஊராட்சிகளில் அந்த ஓர் எழுத்தை மட்டும் ஒலியெழுத்தில் எழுதுகிறார்கள்.


செவ்வாய்ப்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். அம்மாபேட்டை அக்கா கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கே போய் உட்கார்ந்தேன். அப்பா வாசலில் காலைக் கழற்றியதும் பையன்கள் எல்லோரும் குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் உட்காரும்வரை ஒருவரும் நிமிரவில்லை. மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கோ தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொள்கிறார்கள் என்று பட்டிருக்கிறது. இதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே நான்கு மாதம் ஓடியிருக்கிறது. நான் போட்டு உடைத்துவிட்டேன். மூத்த பையன் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை பிளாஸ்டர்க் கை ஐயா தனிச் செய்தியில் சொன்ன இடத்துக்குப் போனோம். அப்பாவிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கழிவறை எப்படி, பட்டறையில் எந்தக் காலை மேலே மடிப்பீர்கள், எத்தனை மணி நேரம் என்று. தரையில் உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். பின் விளிம்பை இறக்கி ரப்பர் பாதத்தோடு வெறுங்கால் உயரத்துக்கு இன்னொரு கால் செய்யலாம் என்றார்கள். அளவெடுத்தாகிவிட்டது. முழுச் சம்மணம் வராது, முக்கால் சம்மணம் வரும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. இதுவரை யாரும் வராது என்பதைச் சொன்னதே இல்லை. பழைய காலையும் விடப்போவதில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ரோட்டில் நடக்கவும் அதுதான் வேண்டுமாம்.

மிச்சமிருக்கும் கால்வாசிச் சம்மணத்துக்குப் பையன்களே ஒரு வழி செய்துவிட்டார்கள். தச்சரிடம் சொல்லி ஒரு மணை. அதில் உட்கார்ந்தால் இடது காலை மடித்தும் மடிக்காமலும் ஓரமாக விட முடிகிறது, நெருப்பு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு வாசலுக்கு உள்பக்கம் இருக்கிறது, முதலாளியே அதற்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தார்.


நாகலூர் மிளகு | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, அந்த மணையின் அளவு கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் காப்பிக் கொட்டை பொறுக்கும் அக்கா ஒருவருக்கு முட்டி மடங்காது. களத்தில் தரையில்தான் வேலை.


செவ்வாய்ப்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9.20

அகலம் ஒன்றரை அடி, ஆழம் ஒரு அடி, பின்பக்க உயரம் ஐந்து அங்குலம், முன்பக்கம் நாலு. இடது பக்க முன் மூலையை அரைவட்டமாகச் சீவிவிடச் சொல்லுங்கள், தொடை அங்கேதான் இறங்கும். வேப்பம் பலகை. அந்த அக்காவுக்கு எந்த முட்டி மடங்காது என்று சொல்லுங்கள், அதே தச்சரிடம் அந்தப் பக்கம் சீவிச் செய்து அனுப்பிவிடுகிறேன்.